இரத்தத்தில் ஓர் அரிவாள்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் புத்தகப் பாடத்தோடு ஆய்வு வேலையும் கொடுக்கிறார்கள். 'மனிதருக்குப் பரம்பரையாக வரும் ஒரு நோயைப் பற்றித் தகவல் திரட்டி, விளக்கி எழுதி வருக' என்பது அறிவியல் ஆசிரியர்கள் விரும்பிக் கொடுக்கும் தலைப்புகளில் ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் என்ன சொல்கிறார்கள்? 'பரம்பரை நோயா? நம் குடும்பத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, போய் வேறு ஏதாவது எழுது' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடாமல் சற்றே தொடர்வதற்காக, இன்று ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அதற்குத் தமிழில் அரிவாள் அணுச் சோகை என்று பெயர். உடம்பில் உள்ள ஒரு மூலக்கூறின் கோளாறே காரணம் என்று முதன்முதலாகத் தெளிவாகக் கண்டறியப்பட்ட நோய் இதுதான். நீலகிரி மலையும், அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களும், நம் நாட்டு இந்தியர்களும்கூட இந்த வரலாற்றில் வருகிறார்கள்.

கதை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவில் தொடங்குகிறது. அந்தச் சிறிய தீவிலிருந்து வால்டர் கிளமெண்ட் நோயல் என்ற 20 வயது இளைஞர் 1904 ஆம் ஆண்டு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். சிக்காகோ நகரில் பல் மருத்துவம் படிப்பது அவருடைய நோக்கம். போன சில மாதங்களிலேயே இருமல், மூச்சுத் திணறல், படபடப்பு, உடல் சோர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் மருத்துவமனையில் சேர்ந்தார். காலில் பழைய புண்களின் தழும்புகள் இருந்தன. எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய இரத்தத்தில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, உளுந்து வடையை அழுத்திவிட்டாற்போல இருக்க வேண்டும். இவருடைய இரத்தத்திலோ பல அணுக்கள் நீண்டும் வளைந்தும் கதிர் அரிவாளைப் போலக் கிடந்தன.

அயன்ஸ் இதைத் தம் மேல் மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். அவரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. இரண்டரை ஆண்டுகள் அந்த மாணவரை விட்டுவிட்டுக் கவனித்து வந்தார்கள். 1910 ஆம் ஆண்டில் ஹெரிக் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். காரணம் இன்னதென்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கண்டதைக் கண்டபடி, படத்தோடு எழுதி வைத்தார். ஆய்வு வேலை செய்யும் மாணவர்கள் அந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

நோயல் என்ன ஆனார்? நோயோடு நோயாகப் படித்து 1907 இல் பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பி, கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916 இல், 32 வயதில், நுரையீரல் நோய் கண்டு இறந்து போனார். ஹெரிக்கின் கட்டுரையில் நோயாளியின் பெயர் கிடையாது. அந்த மாணவர் யார் என்பதை மருத்துவ வரலாற்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்து 1989 இல்தான் வெளியிட்டார்கள்.

சிக்காகோவில் 1904 இல்தான் இந்த நோய் பிறந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். நுண்ணோக்கி இல்லாததால் அரிவாளைப் பார்க்கவில்லை, வலியைப் பார்த்தார்கள். கானா நாட்டுக் கா மொழியில் இதற்குச் 'செவெச்செவெ' என்பதைப் போன்ற இரட்டைக்கிளவிப் பெயர் உண்டு. நமக்கு 'விண் விண்' என்று தெறிக்கிறது, 'குடைகுடை' என்று குடைகிறது என்று சொல்லத் தோன்றுமே, அந்த வகைச் சொல். நைஜீரியாவில், பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வந்து தாயை ஏமாற்றிப் போகும் ஆவி என்று நம்பினார்கள். ஒரே தாய்க்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்ததற்கு இந்த நோயும் ஒரு காரணம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். பழி தாயின் மேல் விழுந்தது. நம் ஊர்களிலும், தோட்டத்து லயங்களிலும் இப்படிப் பழி சுமந்த தாய்மார்கள் எத்தனை பேரோ!

கானாவைச் சேர்ந்த கொனோட்டே-அஹுலு என்ற மருத்துவரின் தாய் தந்தை இருவருமே இந்த மரபணுவைச் சுமந்தவர்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? குடும்பப் பெரியவர்களின் வாய்மொழியைக் கொண்டே, யார் யாருக்கு இந்த வலி இருந்தது என்று கேட்டுக் கேட்டு, தம் முன்னோரின் வரிசையை 1670 ஆம் ஆண்டு வரை எழுதிவிட்டார். ஏட்டில் எழுதாமல் நினைவில் வைத்திருந்த செய்தி அது. தாத்தா பாட்டியின் பேச்சு ஆராய்ச்சிக்கு உதவாது என்று யாராவது சொன்னால் இவரை நினைவுபடுத்துங்கள்.

மறுபடி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வருவோம். 1922 இல்தான் நோய்க்கு இப்போதுள்ள ஆங்கிலப் பெயர் வைக்கப்பட்டது. 1927 இல் ஹான், கில்லஸ்பி என்ற இருவர் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள்: பிராணவாயு குறைந்தால் அணுக்கள் அரிவாளாக வளைகின்றன, பிராணவாயு கிடைத்ததும் பெரும்பாலானவை பழையபடி வட்டமாகிவிடுகின்றன. அப்படியானால் கோளாறு அணுவின் தோலில் இல்லை, உள்ளே பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருளில் இருக்க வேண்டும் அல்லவா? இதைத் தீர்மானமாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும். 1945 இல் ஒரு மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்ன செய்தி பாலிங்கின் மனத்தில் பொறியாக விழுந்தது. சோதனைகளில் பெரும்பங்கைச் செய்தவர் ஹார்வி இட்டானோ என்ற இளைஞர். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942 இல் அமெரிக்க அரசாங்கம் முகாமில் அடைத்து வைத்த ஆயிரக்கணக்கானவர்களில் இவரும் ஒருவர். பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறியும் பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியாதவர். அந்த மனிதர் நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் மற்றவர்களின் ஹீமோகுளோபினையும் மின்சாரம் பாயும் கரைசலில் வைத்தார். இரண்டும் வேறு வேறு விதமாக நகர்ந்தன. நோயாளிகளைப் பெற்றவர்களைப் போன்ற, நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களின் இரத்தத்திலோ இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949 இல் இந்த முடிவு வெளியாயிற்று.

எவ்வளவு வேற்றுமை? ஹீமோகுளோபின் என்பது நான்கு சங்கிலிகள் சேர்ந்த ஒரு புரதம். அதில் பீட்டா சங்கிலி எனப்படுவதில் 146 அமினோ அமிலங்கள் மணிமாலையைப் போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் என்பவர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, காகிதத்தில் படரவிட்டு ஒப்பிட்டார். 1956 இலும் அடுத்த ஆண்டிலும் அவர் வெளியிட்ட முடிவு உலகத்தை வியக்க வைத்தது. மாலையில் மாறியிருந்தது ஒரே ஒரு மணி! குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஆறாவது இடத்தில் வாலின் என்ற வேறொன்று இருந்தது. அவ்வளவுதான் வேற்றுமை.

ஒரே ஒரு மணி மாறியதற்கா இத்தனை வேதனை என்று கேட்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் மரத்திலிருந்து இறக்கிய பால் வாளியில் தண்ணீராக அசைகிறது. ஸ்டோரில் தட்டில் ஊற்றி, சிறிது ஆசிட் கலந்ததும் உறைந்து கட்டியாகிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபினும் அப்படித்தான். பிராணவாயுவைச் சுமக்கும் வரை கரைந்து நிற்கிறது. அதை இறக்கிவைத்த உடனே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குச்சி குச்சியாக நீண்டு உறைகிறது. உறைந்த குச்சிகள் அணுவின் தோலைத் தள்ளி அதை அரிவாளாக வளைக்கின்றன. உறைந்த ரப்பர் திரும்பப் பாலாகாது. ஹீமோகுளோபின் மட்டும் பிராணவாயு கிடைத்தால் மறுபடி கரையும். ஆனால் பலமுறை வளைந்து நிமிர்ந்த அணு கெட்டிப்பட்டுப் போய்விடும். வளைந்த அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களில் சிக்கி வழியை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் பொறுக்க முடியாத வலி. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு சில வாரங்களுக்குள்ளேயே சிதைந்துவிடுவதால் சோகையும் கண்ணில் மஞ்சளும் வருகின்றன. குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உழைப்பது ஆகியவை இந்த வலியைத் தூண்டிவிடும்.

இனி இது வாரிசாக வரும் முறை. உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் நம்மிடம் பொதுவாக இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. இந்தக் குறிப்பைத்தான் மரபணு என்கிறோம். இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவருக்கு நோய் இல்லை. அவர் அதைச் சுமப்பவர், அவ்வளவுதான். பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லாமல் மரம் சீவி, பிள்ளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்துவிடுவார். இரண்டுமே மாறியிருந்தால்தான் நோய். 1949 இல் நீல் என்ற அமெரிக்கரும், ஆப்பிரிக்காவில் பணிபுரிந்த பீட் என்ற மருத்துவரும் தனித்தனியே இதை நிறுவினார்கள்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு இருபது காசு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. 'பூ' விழுந்தால் மாறிய மரபணு என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து நூறு தடவை சுண்டிவிட்டு எழுதி வாருங்கள். இரண்டிலும் பூ விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இருக்கும். சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு அதுவே. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூன்றுக்கும் வராது' என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நாணயத்துக்கு முந்தின ஆட்டம் நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்பாவின் நாணயமும் வேண்டும், அம்மாவின் நாணயமும் வேண்டும். மருமகளை மட்டும் குறை சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இவ்வளவு கொடிய மரபணு தலைமுறை தோறும் குறைந்து மறைந்துவிட வேண்டாமா? ஏன் மறையவில்லை? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அல்லிசன். 1949 இல் ஆப்பிரிக்காவில் இரத்தம் சேகரித்து வந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். கடற்கரையிலும் பெரிய ஏரியின் ஓரத்திலும் வாழ்பவர்களிடையே இந்த மரபணு அதிகம். குளிர்ந்த மலைப் பகுதிகளில் மிகக் குறைவு. கொசு எங்கே அதிகம்? மலேரியா எங்கே அதிகம்? வரைபடத்தை வரைபடத்தின் மேல் வைத்தாற்போல இரண்டும் பொருந்தின. 1954 இல் அவர் வெளியிட்ட சோதனையில், மரபணுவைச் சுமந்த 15 பேருக்கும் சுமக்காத 15 பேருக்கும் மலேரியாக் கிருமி செலுத்தப்பட்டது. சுமக்காதவர்களில் 14 பேரின் இரத்தத்தில் கிருமி பெருகியது. சுமந்தவர்களில் இருவருக்கு மட்டுமே. இவர்கள் தாமாக முன்வந்தவர்கள்தான் என்றாலும், மனிதருக்கு வேண்டுமென்றே காய்ச்சலை ஏற்றும் இத்தகைய சோதனையை எண்ணிப் பார்க்கையில் மனம் சற்றுக் கூசத்தான் செய்கிறது. ஆனால் உண்மை வெளிப்பட்டது. ஒரு மரபணு இருந்தால் குழந்தைப் பருவத்தில் மலேரியாவால் சாகாமல் தப்ப வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தால் நோய். ஒரு பிள்ளையின் உயிரைக் காத்த அதே பொருள் இன்னொரு பிள்ளையின் உயிரை வாங்கியது.

மலேரியா என்றதும் நமக்குப் பழைய நினைவுகள் வரும். 1901 இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் வந்து இறங்கிய காலத்தில் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து ஆளை வாரிக்கொண்டு போனது. காடு வெட்டித் தோட்டம் போட்ட நம் பாட்டன்மார் அதற்குப் பலியானது தனி வரலாறு. கொசுவும் காய்ச்சலும் நிறைந்த இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மக்களின் இரத்தத்தில் அதன் தடம் பதிந்திருக்கிறது என்பதே அல்லிசன் சொன்ன செய்தி.

அப்படியானால் இந்தியாவில்? 1952 வரை இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடையே இரத்தப் பரிசோதனை செய்து, இருளர், குறும்பர், பணியர் போன்றோரிடம் அரிவாள் மரபணு இருப்பதை வெளியிட்டார்கள். மலையின் சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் வாழ்ந்த மக்கள் இவர்கள். வெளியார் கால் வைக்க அஞ்சிய மலேரியாக் காடுகள் அவை. அதே 1952 இல் வடகிழக்கே அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர்களிடையே இந்த நோய் காணப்பட்டது. அவர்கள் அஸ்ஸாமியர் அல்லர். பீஹார், ஒரிஸ்ஸா முதலிய பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும் ஆவர். கப்பலிலோ ரயிலிலோ ஆளைக் கொண்டுபோகும்போது, மூட்டை முடிச்சோடு இரத்தத்தில் உள்ளதும் கூடவே போகும். நம் நாட்டிலும் 1986 இல் லீ-இன்ஜோ லுவான் எங் என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் மலேசிய இந்தியர்களிடையே இந்த நோயைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிது, அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், காரணம் தெரியாத மூட்டு வலியும் சோகையும் அடிக்கடி வரும் பிள்ளையை 'சோம்பேறி' என்று ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

நோயைக் கண்டுபிடிப்பது வேறு, கண்டுபிடித்ததை மனிதர் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது வேறு. 1970 களில் அமெரிக்காவின் சில மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இந்தப் பரிசோதனையைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கின. சுமப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சரியாக விளக்கவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, காப்புறுதி மறுக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கிரேக்க நாட்டின் ஒர்கோமெனோஸ் வட்டாரம். அங்கே இந்த மரபணு மிகுதி. பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணங்களும் வழக்கம். சுமப்பவர் யார் என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டால் இருவர் ஒருவரையொருவர் மணப்பதைத் தவிர்ப்பார்கள் என்று மருத்துவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. சுமப்பவர் என்று தெரிந்தவர்களை ஊர் ஒருபடி கீழாகப் பார்த்தது. சிலர் சம்பந்தம் பேசும்போது அதை மறைத்தார்கள். 1974 இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது, மருத்துவர்கள் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் நம் குடும்பங்கள் எப்படி விசாரிக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் கொடுத்து வாங்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த வழக்கம் புதிதாக ஒரு நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் பாட்டன் வீட்டில் மாறிய மரபணு ஒன்று இருந்தால், இரண்டு பேரக் கிளைகளும் அதைச் சுமந்து வந்து ஒரே வீட்டில் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் ஒரு துளி இரத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஒத்த இன்னொரு இரத்த நோயான தலசீமியா நம் நாட்டில் பரவலாக இருப்பதால், 2016 இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு பரிசோதனை தொடங்கப்பட்டது. சம்மதத் தாள் வீட்டுக்கு வந்தால் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 இல் ஜேனட் வாட்சன் என்ற பெண் மருத்துவர், நோயுள்ள குழந்தைகளின் அணுக்கள் பிறந்த புதிதில் அவ்வளவாக வளைவதில்லை என்று கண்டார். தாய் வயிற்றில் இருக்கும்போது சுரக்கும் சிசு ஹீமோகுளோபின் அப்போது இரத்தத்தில் மிஞ்சியிருப்பதே அதற்குக் காரணம். 1986 இல் சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுப்பது உயிர்காக்கும் என்று நிரூபிக்கப்பட்டது. 1995 இல் ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை வலியின் தாக்குதலைக் குறைப்பது தெரிந்தது. அது சிசு ஹீமோகுளோபினை மறுபடி பெருக்குகிறது. 2023 இல் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு முதலில் பிரிட்டனும் பின்னர் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அதற்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர்! நோய் மிகுந்திருப்பதோ ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இந்தியப் பழங்குடிக் குடியிருப்புகளிலும். அதே 2023 இல் இந்திய அரசு பழங்குடி மக்களிடையே பரிசோதனையைப் பரப்பும் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே இன்றும் கைகொடுப்பது மலிவான மாத்திரையும், தடுப்பூசியும், போதிய தண்ணீரும்தான்.

ஆய்வு வேலை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குடும்ப மரம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுவது உலக வழக்கம். நோய் உள்ளவருக்கு முழுவதும் மை தீட்டுங்கள், சுமப்பவருக்குப் பாதி. தாத்தா பாட்டியிடம் கேட்கும்போது 'யாருக்கு நோய்?' என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். 'சின்ன வயதில் தவறிப்போன பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?' என்று கேளுங்கள்; பாட்டிக்கு எல்லாம் நினைவிருக்கும். அவர் அழுதால் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். கேட்ட பெயர்களை உங்கள் வீட்டுக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் கொடுக்கும் தாளில் பெயர்கள் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் போதும்.